மூன்று சுற்றோடு நின்ற வேண்டுதல்

திருவண்ணாமலை வேங்கிக்கால் தமிழ்செல்வியிடம் எதைக் கொடுத்தாலும் முதலில் சோதித்துப் பார்ப்பாள். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது எல்லாரும் செய்வதுதான். இவள் புதுக் குடை வாங்கினால் கடை வாசலிலேயே பத்து முறை விரித்து மடக்குவாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை எழுந்து நடந்து காட்டச் சொன்னாள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். அவள் நடக்கச் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்கத்தான் சொன்னாள்.

அந்தச் சம்பந்தம் அதோடு போனது. தமிழ்செல்விக்கு வருத்தமில்லை. ரிஜெக்ட் என்றால் ரிஜெக்ட்தான்.

இந்த வழக்கம் ஆறு வருட வேலையில் ஒட்டிக்கொண்டது. சென்னைக்குப் போகிற வழியில் ஒரு பெரிய வெளிநாட்டு போன் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. பிளஸ் டூ முடித்த கையோடு அங்கே போய்ச் சேர்ந்தாள். அவள் உட்கார்ந்தது பொத்தான் சோதிக்கும் இடத்தில். பெல்ட்டில் போன் வரும். ஒன்றிலிருந்து ஒன்பது வரை, பிறகு ஸ்டார், சைபர், கட்டம் என்று பன்னிரண்டு பொத்தானையும் அழுத்தித் திரையில் எண் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டும் விழுந்தால் பேட்டரிக்கு அடியில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி ஒட்டுவாள். அந்தப் புள்ளியில் அவள் எண் இருக்கும், முப்பத்தொன்று. ஒன்று விழாவிட்டாலும் போன் பக்கத்துப் பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டிக்கு ரீவொர்க் என்று பெயர். அங்கே சரிசெய்து மறுபடியும் அனுப்புவார்கள். ஒரு போனுக்குப் பதினைந்து நொடி, ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு போன்.

“என் புள்ளி ஒட்டின ஒரு பீஸ்கூட இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல” என்று அவள் சொல்வாள். கேட்டாலும் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள்.

வேலைக்குப் போகும் முன்பு அந்த வீட்டில் அவளிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, சோறு வெந்துவிட்டதா என்பது. போன பிறகு எல்லாவற்றுக்கும் அவளைக் கேட்டார்கள். அப்பா ராமகிருஷ்ணன் கீழ்பென்னாத்தூர் நிலத்தில் எந்த மூலையில் போர் போடலாம் என்று போனில் கேட்டார். அவளுக்கு போரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. வடக்கு மூலை என்றாள். தண்ணீர் வந்தது. அதன் பிறகு அவள் பேச்சுக்கு மறுபேச்சே இல்லாமல் போனது. வேலை போனால் இந்த மரியாதையும் கூடவே போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அந்த வேலையை அவள் உயிராக நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனிக்குப் போதாத காலம் வந்தது. பொத்தானே இல்லாத போனை ஊரெல்லாம் தடவ ஆரம்பித்திருந்தார்கள். இதைக் கேள்விப்பட்டபோது, அப்படியென்றால் அதை எப்படிச் சோதிப்பார்கள் என்றுதான் தமிழ்செல்வி கேட்டாள். கம்பெனிக்கு நஷ்டம், யாராவது வாங்கினால்தான் பிழைக்கும் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். லீவுக்கு வந்த தமிழ்செல்வி கோயிலுக்குப் போய் ராஜகோபுரத்துக்கு எதிரில் நின்று, “எங்க கம்பெனிய நல்ல பார்ட்டி யாராவது வாங்கிக்கணும். ஒம்பது பௌர்ணமி வெறுங்காலோட மலைய சுத்தறேன்” என்று வேண்டிக்கொண்டாள். அவளோடு ஒரே லைனில் வேலை பார்த்து, ஒரே அறையில் தங்கியிருந்த நூரைனும் திருவண்ணாமலைக்காரிதான். “நீ உங்க பக்கம் சொல்லு, நான் எங்க பக்கம் சொல்றேன். எது மொதல்ல நடந்தாலும் நமக்கு நல்லதுதான்” என்றாள் அவள்.

இரண்டு மாதத்தில் நடந்துவிட்டது. உலகத்திலேயே பெரிய சாப்ட்வேர் கம்பெனிகளில் ஒன்று போன் கம்பெனியை வாங்கிக்கொள்ளப் போவதாக அறிவித்தது. தொழிற்சாலையில் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. லைன் லீடர் மணிவேல் கைநிறைய லட்டு வாங்கி வந்து, பெல்ட்டை நிறுத்தாமலே ஒவ்வொருவர் வாயிலும் திணித்துக்கொண்டு போனார். தமிழ்செல்வி அன்று சிரித்த சிரிப்பை நூரைன் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

வேண்டுதலைத் தள்ளிப்போடுகிற ஆள் இல்லை அவள். அடுத்த பௌர்ணமியிலிருந்து லீவு சொல்லிவிட்டு வந்து, பதினாலு கிலோமீட்டரையும் வெறுங்காலோடு நடந்தாள். மூன்று பௌர்ணமி ஆயிற்று. காலில் கொப்புளம் வந்தது, மனசு நிறைந்திருந்தது.

நான்காவது பௌர்ணமிக்கு முன்பு ஒரு செய்தி வந்தது. சாப்ட்வேர் கம்பெனி போன் கம்பெனியை வாங்குவது உண்மைதான். ஆனால் தமிழ்செல்வி வேலை பார்க்கிற தொழிற்சாலை மட்டும் அதில் சேராது. ஏதோ கேஸ், ஏதோ பாக்கி, கோர்ட்டு என்றார்கள். பெண்ணைக் கட்டிக்கொண்டு போன மாப்பிள்ளை வீட்டார், ஒரு சூட்கேஸை மட்டும் மண்டபத்திலேயே விட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது. அந்தச் சூட்கேஸுக்குள் ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்து பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

நான்காவது பௌர்ணமியன்று லீவில் வந்திருந்த தமிழ்செல்வி வீட்டில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்டி, சுத்தப் போவலையா?” என்றாள் அம்மா கஸ்தூரி.

“எதுக்கு?”

“எதுக்கா? வேண்டினது நடந்துச்சு இல்ல? கம்பெனிய வாங்கிட்டாங்க இல்ல?”

“எங்கள விட்டுட்டு வாங்கியிருக்காங்கம்மா.”

“அதுக்கு சாமி இன்னா பண்ணும்?”

தமிழ்செல்வி குழவியைக் கீழே வைத்தாள். “பன்னெண்டு பொத்தான்ல பதினொண்ணு வேலை செஞ்சா நான் பாஸ் போடுவனா? மாட்டேன். ரீவொர்க்குக்கு அனுப்புவேன். இதையும் அனுப்பிட்டேன். முழுசா செஞ்சு குடுக்கட்டும், மீதி ஆறையும் சுத்தறேன்.”

கஸ்தூரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ராமகிருஷ்ணனோ, மகள் சொல்லித்தான் தண்ணீர் வந்தது, சாமி விஷயத்திலும் அவளுக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டார்.

ரீவொர்க் ஆகி வரவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு தாங்களாகவே போகிறவர்கள் போகலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நூரைன் முதல் வாரமே போனாள். தமிழ்செல்வி போகவில்லை. கடைசிவரை உட்கார்ந்து, நாளுக்கு நூறு, ஐம்பது என்று வந்த போன்களுக்குப் பன்னிரண்டு பொத்தானும் அழுத்திப் புள்ளி ஒட்டினாள். ஒரு நாள் பெல்ட் நின்றது. மறுபடி ஓடவில்லை. ஊருக்கு பஸ் ஏறினாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா, “சாப்ட்டியாமா?” என்று கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை. அது அவளுக்கு நன்றாகவே உறைத்தது.

நூரைனின் அண்ணன் அப்ரோஸ் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். தமிழ்செல்வி அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். திரை உடைந்தது என்று வந்தாலும் சரி, சத்தம் கேட்கவில்லை என்று வந்தாலும் சரி, அவள் முதலில் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்ப்பாள். பொத்தான் இல்லாத போன் என்றால் திரையில் எண்களை வரவழைத்து அழுத்துவாள்.

“ஏம்மா, சார்ஜர் பின் மாத்த வந்தவருக்கு எதுக்கு இதெல்லாம்?” என்று அப்ரோஸ் அலுத்துக்கொள்வார்.

“பதினஞ்சு செகண்டு தான பாய்.”

ஒரு தடவை ஒரு வெள்ளைக்காரர் உடைந்த போனோடு வந்தார். பன்னிரண்டு வருடம் அந்த சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு மலையைப் பார்த்து உட்கார வந்தவராம். தமிழ்செல்வி தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், எங்கள் தொழிற்சாலையை மட்டும் ஏன் விட்டீர்கள் என்று கேட்டாள். அவர் கண்ணை மூடி நிதானமாக யோசித்தார். பிறகு, தான் வேறு டிபார்ட்மென்ட் என்றார். வாங்கின கம்பெனியும் சில வருடத்திலேயே அந்த போன் வியாபாரத்தைக் கைகழுவிவிட்டது. அதைக் கேட்டபோது தமிழ்செல்விக்குச் சிரிப்புகூட வரவில்லை. சாமியோ கம்பெனியோ, அரைகுறையாகச் செய்தது அவர்கள் பாடு. தன் புள்ளி ஒட்டிய பீஸ் திரும்பி வரவில்லை, அது போதும் என்று இருந்தாள்.

கடையில் சேர்ந்து நாலு வருடம் கழித்து ஒரு மத்தியானம் ராணியம்மாள் வந்தாள். கிரிவலப் பாதையில் கற்பூரமும் விளக்கும் விற்கிறவள், ஐம்பத்தைந்து வயதிருக்கும். முந்தானையிலிருந்து ஒரு பழைய பட்டன் போனை எடுத்து வைத்தாள். பேட்டரி உப்பி மூடி நிற்கவில்லை.

தமிழ்செல்வி வேறு பேட்டரியைப் போட்டு, வழக்கம்போல அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்து விழவில்லை. மறுபடி அழுத்தினாள். விழவில்லை.

“அஞ்சு வேலை செய்யலியே, எப்பருந்துமா?”

“எது அஞ்சு?”

“நடுவுல இருக்குற பொத்தான்.”

“அது எப்பவுமே அப்டித்தான்மா. எங்க மருமகப்பிள்ள புதுசா வாங்கிக் குடுத்த அன்னிக்கே அப்டித்தான்.”

தமிழ்செல்வி பேட்டரியைக் கழற்றினாள். அடியில் பச்சைப் புள்ளி. முப்பத்தொன்று. பக்கத்தில் இருந்த ஸ்டிக்கரில் தேதி. அந்தத் தேதியை அந்தத் தொழிற்சாலையில் இருந்த யாருமே மறக்க மாட்டார்கள். லட்டு கொடுத்த நாள்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அன்றைக்கு லட்டு வந்தபோது ஷிஃப்ட் முடிய இரண்டு மணி நேரம் இருந்தது. வாயில் லட்டு, பக்கத்தில் நூரைனோடு பேச்சு, சிரிப்பு. விரல் மட்டும் தன்பாட்டுக்கு ஓடியது. அவள் திரையைப் பார்க்கவே இல்லை. இத்தனை வருடத்தில் அது ஒரு முறைகூட அவள் நினைவுக்கு வந்ததில்லை. இப்போது ஒவ்வொரு போனாக நினைவுக்கு வந்தது. நானூறுக்கு மேல் இருக்கும்.

“ஏம்மா, அஞ்சு இல்லாம எப்டி போன் பண்ணீங்க?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“நான் எங்க பண்றது? எங்க பொண்ணு ஓசூர்ல இருக்கா. அவ நம்பர்ல மூணு அஞ்சு வருதாம். இந்த போன்ல வர்றது மட்டும்தான், போறது கெடையாதுனு நெனச்சிக்கினேன். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அவளே பண்ணுவா. பச்சய அமுக்கிப் பேசுவேன், வேற ஒண்ணும் அமுக்கத் தெரியாது. சில வாரம் வேலை ஜாஸ்தினா பண்ண மாட்டா. அடுத்த வாரம் வரைக்கும் பாத்துனு இருப்பேன்.”

“அஞ்சு வருஷமாவா?”

“இருக்கும்” என்றாள் ராணியம்மாள். அவள் குரலில் குறையே இல்லை. அதுதான் தமிழ்செல்விக்குத் தாங்கவில்லை.

போனைத் திறந்தாள். ஐந்துக்கு அடியில் இருந்த தகடு ஒட்டாமல் விலகியிருந்தது, அவ்வளவுதான். பத்து நிமிட வேலை. மாற்றிவிட்டுப் பன்னிரண்டு பொத்தானையும் திரையைப் பார்த்து மூன்று முறை அழுத்தினாள். பிறகு ராணியம்மாள் வைத்திருந்த, மகள் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டைப் பார்த்து, அவள் விரலைப் பிடித்து அவளையே அழுத்த வைத்தாள். மணி அடித்தது. மகள் எடுத்தாள். ஸ்பீக்கர் சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

“யாருங்க பேசறது? எங்கம்மா போன் உங்ககிட்ட எப்டி வந்துச்சு? அம்மாவுக்கு என்னாச்சுங்க?”

“நான்தாண்டி” என்றாள் ராணியம்மாள்.

“என்னம்மா? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன். சும்மாதான் பண்ணேன்.”

தமிழ்செல்வி பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டாள். அப்ரோஸ் பில் போடப் போனார். வேண்டாம் என்று அங்கிருந்தே கையைக் காட்டினாள்.

அடுத்த பௌர்ணமி காலையில் அவள் செருப்பைக் கடையில் கழற்றி வைத்தாள். நூரைன் வந்திருந்தாள்.

“ஏய் தமிழு, மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? ஃபாக்டரி தொறக்கறாங்களா என்ன?”

“இல்ல.”

“அப்ப சாமி மேல இருந்த கோவம்?”

“பதினொண்ணுக்கு நானும் பாஸ் போட்டிருக்கேன்டி” என்றாள் தமிழ்செல்வி. “சாமிய மட்டும் எந்த வாயால கேக்கறது?”

நான்காவது சுற்றில் நடந்தது இவ்வளவுதான். பாதையில் யார் கையிலாவது பழைய பட்டன் போனைப் பார்த்தால் நின்றாள். “ஒரு நிமிஷம் குடுங்களேன், சும்மாதான்” என்று வாங்கிப் பன்னிரண்டையும் அழுத்திப் பார்த்து, பேட்டரியைக் கழற்றி அடியில் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். சிலர் வேண்டுதல் என்று நினைத்துத் தாங்களாகவே நீட்டினார்கள். இரண்டு பேர் திட்டினார்கள். ராணியம்மாளின் கற்பூரக் கடையைத் தாண்டும்போது அந்த அம்மாள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, சூடம் கேட்டு நிற்கிறவர்களைக் கவனிக்காமல் பேசிக்கொண்டிருந்தாள். தமிழ்செல்வி கூப்பிடாமல் கடந்து போனாள்.

ஒன்பதாவது சுற்று முடிந்தபோது மொத்தம் நாற்பத்தொரு போன் பார்த்திருந்தாள். அதில் முப்பத்தொன்றாம் எண் ஒட்டிய போன் ஒன்றுகூட இல்லை. வேண்டுதல் முடிந்துவிட்டது என்று கஸ்தூரி வீட்டில் வடை பாயசம் செய்து வைத்தாள். தமிழ்செல்வி சாப்பிட்டாள். பத்தாவது பௌர்ணமிக்கும் செருப்பைக் கடையில் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.