ட்ரோம்சோவிலிருந்து டார்வினுக்கு

கண்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் சின்ன அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். தினமும் கம்பளையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறேன். டோகா, குவைத், ரியாத் என்று அதே ஊர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ட்ரோம்சோவிலிருந்து டார்வினுக்கு வழி தேடியது ஒரே ஒரு முறை, என் தம்பிக்காக.

தம்பி நோர்வேயின் வடகோடியில், ட்ரோம்சோவில், மீன் பதனிடும் ஆலையில் இருக்கிறான். அண்ணன் அவுஸ்திரேலியாவில், டார்வினில் பஸ் ஓட்டுகிறார். போன வருடம் வரை இருவரும் எட்டு வருடமாகப் பேசியதில்லை. எங்கள் ஊரான புசல்லாவையில் அப்பா இறந்தபோது தம்பிக்கு நோர்வேயில் தங்குவதற்கான வதிவிட அனுமதி கிடைத்திருக்கவில்லை. வந்தால் திரும்பிப் போக முடியாது என்று அவன் வரவில்லை.

"அப்பா மொகத்தப் பாக்க வராதவன் என் மொகத்தையும் பாக்க வேணாம்" என்று அண்ணன் சொன்னார். அதைத் தம்பியிடம் சொன்னது நான்தான். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அண்ணி அழைத்தார். அண்ணனுக்கு வயிற்றில் கட்டி, புதன்கிழமை காலையில் ஒபரேஷன். தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். உடனே அழைத்தான்.

"அக்கா, இங்கேருந்து அங்க போக எவ்வளவு நேரம்?"

இணையத்தில் பார்த்தேன். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் சொச்சம், பறக்கும் நேரம் ஏறக்குறைய பதினைந்து மணி என்று போட்டிருந்தது. அப்படி நேராகப் பறக்கும் விமானம்தான் இல்லை. ஒஸ்லோ, டோகா, சிங்கப்பூர், அப்புறம் டார்வின். காத்திருப்பதையும் சேர்த்தால் ஒன்றரை நாளுக்கு மேல்.

"நீ போறதுக்குள்ள ஒபரேஷன் முடிஞ்சிரும்."

"பரவால்ல, போடுக்கா."

"அண்ணே ஏசுவாரு."

"ஏசட்டும்."

இப்போது அவனிடம் நோர்வே கடவுச்சீட்டு இருப்பதால் விசா அன்றைக்கே கிடைத்தது. செவ்வாய்க்கிழமை ஏறி, வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தான்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை அண்ணி பிறகு சொன்னார். தம்பியைப் பார்த்ததும் அண்ணன், "எந்த வழியாடா வந்த?" என்று கேட்டிருக்கிறார். தம்பி ஒவ்வொரு விமான நிலையமாகச் சொன்னான். எங்கெங்கே எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தான் என்று அண்ணன் விசாரித்தார். பிறகு, "ஒனக்கு அந்த அனுமதி எப்பக் கெடச்சிச்சு?"

"அப்பா போயி நாலாவது மாசம்."

அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாராம்.

பரிசோதனையில் கட்டி கெட்டதில்லை என்று வந்தது. தம்பிக்கு ஒரு வாரத்துக்குத்தான் டிக்கெட் போட்டிருந்தேன். ஐந்தாம் நாள் அலுவலகத்துக்கு அழைப்பு வந்தது. அண்ணன் பேசினார். குரல் இன்னும் தேறவில்லை.

"அவன் டிக்கெட்ட ரெண்டு கெழம தள்ளிப் போட முடியுமா, பாரு."

பார்த்தேன். பத்து நாள்தான் தள்ள முடிந்தது.