வாய்விட்டுச் சொன்ன பெயர்

ஏழெட்டு வருஷங்களுக்கு முன், பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்த சமயத்தில் நடந்தது இது. பூனாவில் கிர்க்கி பக்கம், தொழிற்சாலை லைன் வீடுகளில் குடியிருந்தோம். இன்றும் அங்கேதான் இருக்கிறோம்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்து வந்தேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளிடம்கூடப் பாதிப் பாடத்தைக் கரும்பலகையைப் பார்த்தபடிதான் நடத்துவேன். மராட்டிப் பள்ளிக்கூடத்தில் டீச்சரைக் கூப்பிடுவதுபோல் என்னையும் "பாயி" என்பார்கள். வீட்டில் தமிழ், தெருவில் மராட்டி, கடையில் ஹிந்தி என்று வளர்கிற பிள்ளைகள். தமிழில் நாலு வரி எழுதச் சொன்னால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தச் சமயம் ஒரு பத்திரிகை நிருபர், நம் ஊர்க்காரர், சங்கத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். கட்டுரை வேண்டாம், செய்தி எழுதச் சொல்லுங்கள் என்று சொல்லி, சில வாரம் அவரே சொல்லிக் கொடுத்தார். யார், என்ன, எங்கே, எப்போது, எப்படி. இந்த ஐந்தும் இல்லாவிட்டால் அது செய்தி இல்லை. சம்பந்தப்பட்டவர் வீட்டுக்கே போய்க் கேட்க வேண்டும். தப்பு வந்துவிட்டால் மறைக்கக் கூடாது. அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போட வேண்டும். பாடம் அவ்வளவுதான். பிறகு அவருக்குப் பம்பாய்க்கு மாற்றலாகிவிட்டது. வகுப்பு என் தலையில் விழுந்தது.

சங்க வாசலில் இருந்த பலகையில் வாராவாரம் பிள்ளைகள் செய்தி எழுதினார்கள். எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை, யார் வீட்டு ஆடு காணாமல் போய்க் கிடைத்தது, எல்லாம் வந்தது. ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் படித்துவிட்டுத்தான் போவார்கள். காரியதரிசிக்கு மட்டும் பிடிக்கவில்லை. கூட்ட அறிவிப்பு போட இடமில்லாமல் போய்விட்டது என்பது அவர் குறை. "ஒரு தப்புச் செய்தி வரட்டும், அன்னிக்கே பலகையைக் கழட்டிடுவேன்" என்று சொல்லி வைத்திருந்தார்.

பிள்ளைகளுக்குக் கஷ்டமாக இருந்தது 'யார்' என்ற கேள்விதான். எங்கள் பெண்கள் யாரும் கணவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். நானும்தான். பிள்ளைகள் போய்க் கேட்டால் ஜாடைதான் கிடைக்கும். ஒருவர் ஆறு விரலைக் காட்டி முகத்தைத் தொட்டுக் காட்டுவார். இன்னொருவர் திருப்பதி இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிடுவார். பிள்ளைகளும் அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டு கண்டுபிடித்து வருவார்கள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடைத்தெருவில் டாங்காக் குதிரை மிரண்டு ஓடியது. வண்டியில் கைக்குழந்தையோடு ஒரு மராட்டிப் பெண். எங்கள் லைனுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் பாய்ந்து கடிவாளத்தைப் பிடித்து நிறுத்திவிட்டு, யாரிடமும் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் நானும் என் வீட்டுக்காரரும் தளேகாவில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தோம். பலகையைப் பிள்ளைகளே எழுதட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி லைனுக்குள் நுழைந்தால், ஒருவர் ஓடிவந்து என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்னொருவர் "டாங்காவ நிறுத்தினீங்களாமே" என்று தோளில் தட்டினார். தெருநாய் படுத்திருந்தாலே எதிர் ஓரமாகப் போகிறவர் என் வீட்டுக்காரர்.

"எந்த டாங்கா? நேத்து சாயங்காலம் நான் வீட்ல வெங்காயம் உரிச்சிட்டிருந்தேங்க" என்றார்.

"பாத்தீங்களா, செஞ்சத வெளிய சொல்லிக்கவே மாட்டாரு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அவர் மறுக்க மறுக்க மரியாதை ஏறிக்கொண்டே போனது.

பலகையில் பார்த்தால் பெரிய எழுத்தில் அவர் பெயர். எழுதிய பெண்ணுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். தூணுக்குப் பின்னால் நின்றாள். முறைப்படி குதிரையை நிறுத்தியவர் வீட்டுக்கே போய்த்தான் கேட்டிருக்கிறாள். அந்த ஆள் ஷிப்டுக்குப் போயிருந்தார். மனைவி, "பழனி மலையில நிக்கிறவரு பேரு" என்று சொல்லியிருக்கிறாள். முருகனுக்கு எத்தனை பெயர்கள். இவளுக்குத் தெரிந்தது என் வீட்டுக்காரர் பெயர் ஒன்றுதான், அந்த ஆளுக்கும் அதே பெயர்தான் என்று நினைத்து எழுதிவிட்டாள். படித்தவர்களுக்கோ அந்தப் பெயரில் என் வீட்டுக்காரரை மட்டும்தான் தெரியும். அது எது என்று இங்கேயும் நான் எழுதப்போவதில்லை.

"மேல கேட்டா அவங்க சிரிச்சிட்டே உள்ள போயிட்டாங்க பாயி. மக் காய் கர்ணார்?" என்றாள். வேறென்ன செய்வது என்று கேட்கிறாள்.

அதற்குள் காரியதரிசி வந்துவிட்டார். "பொங்கலன்னிக்கு உங்க வீட்டுக்காரருக்குச் சால்வை போடணும்னு தலைவர் சொல்லிட்டாரும்மா. அவர்தானே?"

"இல்லைங்க" என்றேன்.

அவர் முகத்தில் கொஞ்சம் சந்தோஷம்கூடத் தெரிந்தது. "அப்ப நாளைக்கு ஆள் விட்டுப் பலகையைக் கழட்டிடறேன்."

அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. நான் எப்படித்தான் வாயைத் திறந்தேனோ, "நாளைக்குச் சாயங்காலம் திருத்தம் வரும். அதப் படிச்சிட்டு அப்புறம் கழட்டுங்க" என்றேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அவளைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். ஆண்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். வீட்டுக்காரி என்னைவிடச் சின்னவள், வேலூர்ப் பக்கம்.

"பலகைய அவரும் வந்து படிச்சாருக்கா. 'நம்மள மாதிரியே இன்னொருத்தரும் ஒரு டாங்காவ நிறுத்தியிருக்காரு போல'ன்னாரு" என்றாள்.

"அவர் பேரு வேணும்மா. இல்லாட்டி பிள்ளைங்க பலகை போயிடும்."

"அதான் சொன்னேனே. பழனி மலை..."

"பழனி மலையில நிக்கிறவருக்கு நூறு பேரு. எந்தப் பேரு?"

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு மெதுவாக, "உங்க வீட்டுக்காரர் பேரு என்னாக்கா? நீங்க மொதல்ல சொல்லுங்க, நான் சொல்றேன்" என்றாள்.

மாட்டிக்கொண்டேன். அந்தப் பெண் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். சொல்லிவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயர் என் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை.

"ஐயோ, சொல்லிட்டீங்களா" என்று அவள் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்த பிறகு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அவளும் சொன்னாள்.

சங்கத்துக்கு வந்ததும் அந்தப் பெண் சாக்பீஸை என்னிடம் நீட்டினாள். "நீங்களே எழுதுங்க பாயி. எனக்குப் பயமா இருக்கு." தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும்போது பலகையில் எழுதுவது எனக்கும் பயம்தான். எழுதினேன். டாங்காவை நிறுத்தியவர் இன்னார். நேற்று தவறாக எழுதப்பட்டதுபோல் இன்னார் அல்ல. முடித்துவிட்டுத் திரும்பினால், "அவரு அப்ப எங்க இருந்தாரு, என்ன செஞ்சாருன்னு இல்லையே பாயி" என்றாள். அவளுக்கு அதற்குள் பயம் தெளிந்துவிட்டது. அதனால், 'அவர் அச்சமயம் தம் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்' என்று ஒரு வரி சேர்த்தேன்.

ஷிப்ட் விட்டு வந்தவர்கள் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு கடைசி லைன் வரைக்கும் கேட்டிருக்கும். என் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். தன் பெயரை என் கையெழுத்தில் வெகுநேரம் பார்த்தார். "வெங்காயத்த மட்டும் விட்டிருக்கலாம்" என்றார். ஆனால் வீடு போய்ச் சேரும்வரை அவர் முகத்தில் சிரிப்பு போகவில்லை.

காரியதரிசி பலகையைக் கழட்ட ஆளோடுதான் வந்தார். முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டு, "கூட்ட அறிவிப்பு போட ஓரமா ஒரு கை அகலம் எனக்கு விடுங்கம்மா" என்றார். அந்தப் பெண் கோடு கிழித்து இடம் விட்டாள். பொங்கலன்று சால்வை உரியவர் தோளில் விழுந்தது. அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கணவர் பெயரை அதற்குப் பிறகு நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் கூச்சத்தில் பேசாமல் இருந்துவிடலாம் என்று தோன்றுகிற ஒவ்வொரு தடவையும், நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்குப் போக வேண்டியது யாருக்குப் போய்விடுமோ என்று இப்போதெல்லாம் யோசிக்கிறேன். யோசித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாவது சொல்லிவிடுகிறேன்.