தமிழ் வாசிக்காத கருவி

என் மகளுக்குப் பிறவியிலேயே பார்வை மங்கல். புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோனால்தான் எழுத்து தெரியும். கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. வகுப்பில் அவளுக்கென்று ஓர் உதவியாளர் பக்கத்தில் உட்கார்ந்து, பலகையில் இருப்பதை மெல்ல வாசித்துச் சொல்வார். பெரிய எழுத்தில் எழுதியும் கொடுப்பார்.

ஒரு நாள் அந்தப் பெண்மணியை டெங்கில் ஊர்ப் பக்கம் வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அவருக்குப் பதிலாக ஒரு டேப்லெட் வந்தது. பக்கத்துக்கு நேரே பிடித்தால் அதுவே வாசிக்குமாம். முதலில் எனக்கும் சந்தோஷம்தான்.

வீட்டில் மலாய்ப் புத்தகத்தைக் காட்டினோம். அழகாக வாசித்தது. ஆங்கிலமும் அப்படியே. தமிழ்ப் புத்தகத்தைக் காட்டியதும் வாயே திறக்கவில்லை. வெளிச்சம் போதவில்லையோ என்று விளக்கடிக்குக் கொண்டுபோனேன். ம்ஹூம். அவளுக்குக் கணக்கும் அறிவியலும்கூடத் தமிழில்தான்.

"அம்மா, இதுக்குத் தமிழ் தெரியாதா?" என்றாள் மகள்.

மறுநாள் தலைமையாசிரியையைப் பார்த்தேன். "நான் என்ன செய்யட்டும்? கருவி வந்தா ஆள் கிடையாதுன்னு மேலேருந்து சொல்லிட்டாங்க" என்றார். அவர் குரலிலும் அலுப்பு.

வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கல்வி இலாகாவுக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி தமிழர், இளைஞர், மரியாதையானவர்.

"உங்க பிள்ளைக்கு உதவி கொடுத்தாச்சுன்னு சிஸ்டத்துல இருக்கே, ஆன்டி."

அறிவியல் புத்தகத்தையும் டேப்லெட்டையும் அவர் மேசைமேல் வைத்தேன். "நீங்களே வாசிக்க வைங்க தம்பி."

திருப்பிப் பார்த்தார், அணைத்துவிட்டு மறுபடியும் போட்டார். பிறகு யாருக்கோ போன் செய்தார், அங்கிருந்து வேறு யாருக்கோ. கடைசியில் போனை வைத்துவிட்டு, "சப்ளை பண்ண கம்பெனியத்தான் கேக்கணுமாம். அப்டேட் வரும் லா, கொஞ்சம் பொறுங்க" என்றார்.

"அது வர்ற வரைக்கும் இவ வகுப்புல சும்மா உக்காந்திருக்கணுமா?"

டேப்லெட்டையும் புத்தகத்தையும் என் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. அவரும் தமிழ்ப்பள்ளியில் படித்தவராம். கோபத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் படி இறங்கினேன்.

அப்டேட் வரவில்லை. மகள் காலையில் வயிற்று வலி என்று சொல்ல ஆரம்பித்தாள். வலி ஒன்றுமில்லை, போகப் பிடிக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில் எனக்குக் கவுண்டர் வேலை. கெஞ்சிக் கேட்டு மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டேன். காலையில் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நானே வாசிக்கிறேன், அப்புறம் கமுட்டர் ரயிலைப் பிடித்து ஓடுகிறேன். தலைமையாசிரியை கண்டும் காணாததுபோல் விட்டுவிட்டார். வேலை நேரத்தை மாற்றிக்கொள்ள முடியாத தாய்மார்களின் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று நினைத்தால் ரயிலில் நெஞ்சு கொதிக்கும்.

சென்ற மாதம் மேலிடத்திலிருந்து சிலர் பார்வையிட வந்தார்கள். மகள் கையில் டேப்லெட்டைக் கொடுத்துப் படம் எடுக்கத் தயாரானார்கள்.

"ஆன்டி, நீங்க கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

அவள் அப்போது ஒரு கணக்குக் கேள்வியின் பாதியில் இருந்தாள். நான் நகரவில்லை. மீதியை வாசித்தேன்.