பின்னறைக்குப் போன நாற்காலி

துணி தைக்கும் கூடத்தில் என் சித்திக்கு 'மிளகாய்' என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டிலும் அப்படித்தான். குழாயைச் சரியாக மூடாமல் விட்டால் அவள் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

சித்தி சட்டைகளுக்குப் பொத்தான் வரும் முன்பட்டி தைப்பவள். அவள் தைத்துத் தள்ளும் சட்டை பக்கத்து மெஷினுக்குப் போகும். அங்கே பொத்தான் துளை போடுகிறவளைக் காஜாக்காரி என்பார்கள். ஓயாத வாய். சித்தியையே கிண்டல் செய்யும் தைரியம் அவள் ஒருத்திக்குத்தான் உண்டு. அவளுடைய குழந்தை பிறந்த சில வாரங்களில் இறந்துபோனது. திரும்ப வேலைக்கு வந்தபோது அவள் வாயே திறக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். "உனக்கென்ன வயசா ஆயிடுச்சு? இன்னொண்ணு பெத்துக்கலாம்" என்றாள் ஒருத்தி.

சித்தி டிபன் மூடியை மேசையில் அடித்தாள். "கடையில விக்கிற பொருளாடி அது? வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க." பிறகு தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து காஜாக்காரியின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அடுத்த வாரம் குழந்தைச் சட்டைகளுக்கு ஆர்டர் வந்தது. அவை காஜாக்காரியின் கண்ணில் படக் கூடாது என்று எல்லோரும் கூடிப் பேசி, சூப்பர்வைசரிடம் சொல்லி, அவள் நாற்காலியைப் பின்னறைக்கு மாற்றிவிட்டார்கள். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே தனியாக நூல் வெட்டும் வேலை. வேறொரு இடத்தில் எனக்கு வேலை கேட்பதற்காக அன்று சித்தி லீவு போட்டிருந்தாள். மறுநாள் போனபோது பக்கத்து இடம் காலியாக இருந்தது.

இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள். ஆனால் ஒருத்தர்கூட அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சித்தப்பா இறந்த பிறகு சித்தி எந்த அறைக்குள் நுழைந்தாலும் அங்கே சிரிப்பு நின்றுவிடும். சாவைவிட அதுதான் தன்னைத் தின்றது என்பாள்.

சித்தி தேடிக்கொண்டு போனபோது, பின்னறையில் காஜாக்காரி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னை ஒதுக்கிட்டாங்கக்கா. நாளைலேர்ந்து வரல."

"உன்னை யாராவது கேட்டாங்களா?"

இல்லையென்று தலையாட்டினாள்.

"நான் கேக்கறேன். எங்க உட்காரணும் உனக்கு? அந்தச் சட்டையைப் பாக்க முடியாதுன்னா சொல்லு, நானும் இங்கயே வந்துடறேன்."

"என் மெஷின்லக்கா."

சித்தி நாற்காலியைத் தரதரவென்று கூடம் முழுக்க இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அந்தப் பொண்ணோட நல்லதுக்குத்தானேம்மா செஞ்சோம்" என்றார் சூப்பர்வைசர்.

"அவளைக் கேட்டுட்டுச் செய்யுங்க சார். ஆளை மூட்டை மாதிரி மூலையில போட்டுட்டு, நல்லதாம் நல்லது."

முதல் சட்டையைக் காஜாக்காரி வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். கண்ணீர் துணியில் விழுந்தது. அவள் முன்னால் சட்டைகள் குவியாதபடி சித்தி தன் கையின் வேகத்தைக் குறைத்துக்கொண்டாள்.

"என்ன, இன்னிக்குக் கை ஓடலையா?" என்று பின்வரிசையிலிருந்து கேட்டார்கள். சித்தி திரும்பி ஒரு கத்து கத்தினாள்.

"காதுகிட்ட கத்தாதீங்கக்கா" என்றாள் காஜாக்காரி. "மெஷின் சத்தமே தேவலை."

வீட்டில் இதைச் சொல்லும்போதும் சித்தியின் கோபம் அடங்கவில்லை. "என்னையே வாயை மூடச் சொல்றா பாரு" என்று தட்டை நங்கென்று வைத்தாள். கை கழுவிவிட்டு வந்து மறுபடியும் அதையே சொன்னாள். நான் குழாயைச் சரியாக மூடாமல் வந்திருந்தேன். அன்று அது சொட்டிக்கொண்டே இருந்தது, அவள் கவனிக்கவேயில்லை.