சீப்பும் ஏணியும் பதித்த துணி

அப்போது போட்டாதாங் துறையில் கப்பல்காரர்களுக்கு எடுபிடி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சோப்பு, சிகரெட், பிளேடு என்று கேட்டதை லத்தா கடைத்தெருவில் வாங்கி வந்து கொடுப்பேன். அதற்கு முன் லைங் தாயாவில் ஒரு தையல் ஆலை, அதற்கும் முன் லாரி. எதிலும் நிலைக்கவில்லை. ஒருநாள் ஒரு சரக்குக் கப்பலின் சமையற்காரர் கூப்பிட்டார். கானா நாட்டுக்காரர், அகான் இனம். ஊரில் அம்மா இறந்த தகவல் வந்திருந்தது. போக வழியில்லை.

எங்களுக்குள் ஓட்டை இங்கிலீஷ்தான். "பிரதர், ஒரு துணி வேணும். காஞ்ச ரத்தத்தோட நிறம். பூவோ கட்டமோ கூடாது. இதைக் கட்டிக்கிட்டுத்தான் ஊருல அம்மா சமாதிக்குப் போகணும்."

லத்தா முழுக்க அலைந்தேன். அந்த நிறத்தில் வெறுந்துணி ஒரே இடத்தில்தான் கிடைத்தது, பொங்கிகளுக்குத் துணி விற்கும் கடையில். புத்தத் துறவிகளைப் பொங்கி என்போம். "எந்த மடத்துக்கு?" என்று கடைக்காரம்மா கேட்டார். துறைக்குப் பக்கத்து மடத்தைச் சொன்னேன். கப்பலுக்குள் இருக்கப்போகிற துணி, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

சமையற்காரர் துணியில் பதிக்கச் சுரைக்குடுக்கை ஓட்டில் அச்சு வெட்டினார். மைக்கு அவர் ஊரில் ஏதோ மரப்பட்டையாம். நான் வெற்றிலைக்குப் போடும் காசுக்கட்டி கொண்டுவந்தேன். துருப்பிடித்த ஆணிகளைப் போட்டுக் காய்ச்சியதும் கறுத்துவிட்டது. ஓர் அச்சு ஏணி. சாவின் ஏணி, ராஜாவும் ஏறணும், சமையற்காரனும் ஏறணும் என்றார். இன்னொன்று சீப்பு. "இது பொம்பளைக்கு. சுத்தம், அன்பு, பிள்ளைங்களைப் பாத்துக்கிற குணம். அம்மாவுக்கு இதுதான் நிறைய வரணும்."

"உங்க சுருட்டை முடியில சீப்பு இறங்குமா?"

"உன் தலை சீப்பைப் பாத்து எத்தனை மாசமாச்சு?" என்றார். அன்று அவர் சிரித்தது அப்போது மட்டும்தான்.

மறுநாள் மாலை அவர் துறையில் இறங்கினார். இடது தோளில் துணி, வலது தோள் வெறுமை. அவர்கள் ஊர் ஆண்கள் அப்படித்தான் கட்டுவார்களாம். எட்ட நின்று பார்த்தால் அசல் பொங்கி. மீன்காரக் கிழவி ஒருத்தி செருப்பைக் கழற்றி, மண்டியிட்டுக் கும்பிட்டாள். அவர் கண் கலங்கி அவளுக்குத் தலையசைத்தார். பிறகு கரையில் நின்று ரம் பாட்டிலைத் திறந்து, அம்மாவை அழைத்து மண்ணில் ஊற்றினார்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. துறை மேஸ்திரி நம் தமிழர். "பொங்கி கையில சாராயமா? யாருடா இந்தாளுக்குத் துணி குடுத்தது?"

"நான்தாண்ணே. அவங்கம்மா செத்துட்டாங்க. இது துக்கத் துணி."

"அதை இந்தக் கூட்டத்துக்குச் சொல்லிப் பாரு. அடி விழறதுக்குள்ள கழட்டச் சொல்லு. மடத்துல குடுத்துடு."

சமையற்காரர் என் முகத்தைப் பார்த்தார். "என்ன சொல்றாங்க?"

"துணியை மடத்துல வச்சு உங்கம்மாவுக்காக வேண்டிக்கிறாங்களாம்" என்றேன்.

கிழவி இருந்த பக்கம் பார்த்தார். பிறகு உள்ளே போட்டிருந்த அரைக்கால் சட்டையோடு நின்று, துணியைத் தானே மடித்து என் கையில் வைத்தார். நன்றியும் சொன்னார். மறுநாள் கப்பல் போய்விட்டது.

துணியை மடத்தில் கொடுத்துவிட்டேன்; ஆனால் அச்சுப் பதிந்த துணி பொங்கிகள் உடுத்த ஆகாது. அடுத்த மழைக்காலத்தில் எனக்கு வேலை இல்லை. மத்தியானம் மடத்தில் மீந்த சோறு கிடைக்கும் என்று போனேன். அந்தத் துணி படிக்கட்டின் அடியில் மடித்துக் கிடந்தது, கால் துடைக்க. பழைய துணியை அங்கே அப்படித்தான் பயன்படுத்துவார்கள், அவமரியாதை ஒன்றுமில்லை. கேட்டால் கொடுத்திருப்பார்கள். கேட்டால் நடந்ததையெல்லாம் சொல்ல வேண்டும், அதற்குள் சோறு தீர்ந்துவிடும். சேற்றுக் காலோடு அதைத் தாண்டிப் படியேறினேன்.

"காலைத் துடைச்சிட்டு வாய்யா" என்று மேலிருந்து சோறு போடுகிறவர் சத்தம் போட்டார்.

இறங்கி வந்தேன். சீப்பு இருந்த பக்கத்தை உள்ளே மடித்துவிட்டு, ஏணியில் துடைத்தேன்.