ஒற்றைச் சக்கரத்துக்கு ஒரு பொட்டு

ஸ்ரீரங்கத்தில் நான் அந்த ஒற்றைச் சக்கர சைக்கிளில் போனால் ஒவ்வொரு தெருமுனையிலும் யாராவது ஒருவர் அதே கேள்வியைக் கேட்பார். "டீச்சர், இன்னொரு சக்கரம் எங்க?" உலகத்திலேயே தனக்குத்தான் இது முதலில் தோன்றியதாக ஒவ்வொருவருக்கும் நினைப்பு. "சர்வீசுக்கு விட்டிருக்கு" என்பேன். பள்ளியில் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் சர்க்கஸ் மிஸ். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவளுக்கு இதைவிட மோசமான பெயரெல்லாம் கிடைக்கும். அதனால் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

வண்டி என் தம்பி ஜெர்மனியிலிருந்து விமானத்தில் கொண்டுவந்தது. வந்த லீவில் ஒரு தடவைகூட அவனால் அதில் உட்கார முடியவில்லை. பின்கட்டில் சாத்திவிட்டு, "நீயே வெச்சுக்கோக்கா, காயவெச்ச துணி போட உதவும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தப் பேச்சுதான் எனக்குச் சுருக்கென்றது. மறுநாளிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன், விழுந்தேன், ஏறினேன். வேறென்ன சொல்ல, ஒருநாள் சுவர் தேவைப்படவில்லை.

சாதாரண ஒற்றைச் சக்கரத்துக்குச் செயின் கிடையாது. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று. அவ்வளவுதான். என் வண்டியில் அச்சுக்குள் கியர் இருக்கிறது. அச்சின் இரண்டு முனையிலும் சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு சின்ன இரும்புப் பட்டன். ஓட்டிக்கொண்டே வலப்பக்கத்துப் பட்டனைக் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினால் பெரிய கியர். பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒன்றரைச் சுற்று ஓடும். இடப்பக்கம் தட்டினால் பழையபடி சின்ன கியர். சமதரைக்குப் பெரியது, மேடு பள்ளத்துக்குச் சின்னது. பிரேக் கிடையாது. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் பெடலைப் பின்னோக்கி அழுத்த வேண்டும், அதாவது என் கால்தான் பிரேக். பெரிய கியரில் அந்த அழுத்தம் எடுபடாது. இது தெரிந்தால் மீதியெல்லாம் புரிந்துவிடும்.

தெருவில் ஓட்டுவது எனக்குச் சலித்துவிட்டது. கொள்ளிடக்கரைக்குப் போக ஆரம்பித்தேன். டிராக்டர் போன தடம் வெயிலில் இறுகி, பக்கத்திலேயே மணல் புதைந்து, நடுவில் தென்னை மட்டையும் கருங்கல்லுமாகக் கிடக்கும். அதில் போகும்போது அடுத்த கல் எங்கே என்பதைத் தவிர மண்டையில் எதுவும் இருக்காது. விடைத்தாள், கேஸ் புக்கிங், மாமனாரின் பிபி மாத்திரை, எதுவும். எங்கள் வீட்டில் எல்லாப் பொருளும் எல்லாருக்கும் பொது. செல்போன்கூட. அந்தச் சக்கரம் ஒன்றுதான் எனக்கு மட்டும் என்று இருந்தது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை, இன்றைக்கும் இல்லை.

என் கணவர் லால்குடியில் டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். வண்டியை அவர் "அந்தச் சனியன்" என்றுதான் சொல்வார். தடுத்ததில்லை, விசாரித்ததுமில்லை. போன வருஷம் கரையில் விழுந்து எனக்குக் காறை எலும்பு முறிந்தது. கை கட்டில் இருந்த காலம் முழுக்க அவர்தான் எனக்குத் தலை பின்னிவிட்டார். கண்றாவியாகப் பின்னுவார். கட்டுப் பிரித்த அன்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடி சொன்னார்.

"இனி ஒரு தடவை விழுந்தா அதை வித்துடணும். சம்மதமா?"

"எது விழறது? இறங்கறதும் விழறதும் ஒண்ணா?"

"ரெண்டு பாதமும் தரையில பட்டா இறங்கினது. வேற எது பட்டாலும் விழுந்தது."

நியாயமாகத்தான் இருந்தது. சரி என்றேன். எங்கள் இருவருக்கும் உள்ள ஒரே பொதுக்குணம், சொன்னால் சொன்னதுதான். அதனால் அன்றிலிருந்து ஒவ்வொரு தடவை ஏறும்போதும் எனக்கு அது ஞாபகம் வரும். ஒரு விழுகை, வண்டி போச்சு.

அந்த வருஷ ஆயுத பூஜையன்று அவர் வழக்கம்போல் காரைக் கழுவினார், ஸ்கூட்டரைக் கழுவினார். மிக்ஸி, தையல் மெஷின், அரிவாள்மனை வரைக்கும் துடைத்து வைத்தார். நான் அடுப்படியில் சுண்டலைத் தாளித்துவிட்டு வெளியே வந்தபோது என் சக்கரமும் கார் பக்கத்தில் பளபளவென்று நின்றுகொண்டிருந்தது. அதற்கு முன் ஒரு வருஷம்கூட அதை அவர் வரிசையில் சேர்த்ததில்லை. சீட்டில் ஒரு பொட்டு, டயரில் ஒரு பொட்டு. அச்சின் இரண்டு பக்கமும் வட்டமாக, அச்செடுத்தாற்போலச் சந்தனமும் நடுவில் குங்குமமும்.

"காருக்கு நாலு எலுமிச்சம்பழம், ஸ்கூட்டருக்கு ரெண்டு, உனக்கு ஒண்ணு. சிக்கனமான வண்டிதான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "பொரி எடுத்துக்கங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள். அதுவாக உதிரும்வரை இருக்கும். எங்கள் ஊரில் மழைக்காலம் முடிகிறவரைக்கும் பஸ் கண்ணாடியில்கூடக் குங்குமம் இருக்கும். நானும் துடைக்கவில்லை. துடைக்கத் தோன்றவே இல்லை. மறுநாள் விஜயதசமி. அன்றைக்கு ஆயுதத்தை எடுத்துத் தொழிலைத் தொடங்க வேண்டும். "பச்சைமலைக்குப் போலாமா? அங்க மண் பாதை இருக்குன்னு சொன்னியே" என்று அவரே கேட்டார். அவர் கேட்டதை நம்புவதற்கே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. காரின் டிக்கியில் சக்கரத்தைப் படுக்கவைத்து, துறையூர் வழியாக ஏறினோம்.

மேலே ஒரு சிற்றூரைத் தாண்டி, மரவள்ளிக் காட்டுக்கு நடுவே செம்மண் பாதை. முதலில் கொஞ்சம் ஏற்றம், பிறகு நல்ல சமதரை, கடைசியில் மழை அரித்த பள்ளமும் கல்லுமாக ஒரு இறக்கம். இறக்கம் தார்ரோட்டில் போய்ச் சேரும் இடத்தில் அவர் காரோடு நிற்பதாக ஏற்பாடு. ஏற்றத்தைச் சின்ன கியரில் ஏறினேன். சமதரையில் வலப்பக்கம் குதிகாலால் தட்டினேன். கொஞ்சம் கடினமாக இருந்தது, ஆனால் கியர் மாறிவிட்டது. அடேயப்பா, அந்த ஓட்டம்! மரவள்ளி இலைகள் இரண்டு பக்கமும் முழங்கையில் உரச, காற்று முகத்தில் அடிக்க, நான் சத்தமாகச் சிரித்தேன். கேட்க ஆளில்லை.

இறக்கம் தொடங்கியதும் இடப்பக்கம் தட்டினேன். மாறவில்லை. இன்னொரு தட்டு. ம்ஹூம். பட்டன் கல்லாய் நின்றது. கால் எவ்வளவு அழுத்தியும் வேகம் அடங்கவில்லை. குதிக்கலாம் என்றால் கீழே முழுக்கக் கல். முதல் பள்ளத்தைத் தாண்டினேன், இரண்டாவதில் சக்கரம் நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. முழங்கை, இடுப்பு, அப்புறம் ஹெல்மெட். பாதம் கடைசியாகத்தான் தரையில் பட்டது.

எலும்பு ஒன்றும் போகவில்லை. உட்கார்ந்தபடியே சக்கரத்தை இழுத்துப் பார்த்தேன். பட்டனைச் சுற்றியிருந்த இடுக்கு முழுக்க மஞ்சளாக இறுகியிருந்தது. நகத்தால் நோண்டினால் சந்தனமும் குங்குமமும் பொடியாக வந்தன. அவர் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி, ஆசையாக வைத்த பொட்டு. ராத்திரியில் காய்ந்து, நான் கியர் போட்டபோது நொறுங்கி உள்ளே போய் அடைத்துக்கொண்டிருக்கிறது.

கீழேயிருந்து அவர் செருப்பு தடதடக்க ஓடிவந்துகொண்டிருந்தார். நான் துப்பட்டாவால் பட்டனின் மேற்புறத்தைத் துடைத்தேன்.

"என்ன ஆச்சு? கையை ஆட்டு, கையை ஆட்டு!"

"ஒண்ணுமில்லங்க. கல் தட்டிடுச்சு."

வேறு என்ன சொல்வது? இத்தனை வருஷத்தில் அவர் முதல்முதலாக வைத்த பொட்டு. அதுதான் என்னைத் தள்ளிவிட்டது என்று எப்படிச் சொல்வது? போதாததற்கு, தோற்றவள் சாக்குச் சொல்கிறாள் என்றல்லவா ஆகும். நான் ரோட்டோரக் குழாயடியில் முழங்கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் சக்கரத்தை டிக்கியில் வைத்தார். வீட்டில் இறங்கியதும் நானே சொன்னேன், "வித்துடலாம்." அவர் தலையாட்டினார். எனக்கு அவர்மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது. கொஞ்சம் மறுத்துத்தான் பேசினால் என்ன?

ஆன்லைனில் படம் போட்டேன். சீக்கிரமே துவாக்குடியில் வேலை பார்க்கும் ஒருவர் பார்க்க வந்தார். அடக்கமான ஆள். சீட்டைத் தட்டிப் பார்த்தார், டயரை அமுக்கிப் பார்த்தார். "இந்த கியர் எப்படி மேடம் போடறது?" என்றார்.

நான் கையில் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறப்பதற்குள் என் கணவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு சக்கரத்தின் பக்கத்தில் குந்தினார்.

"இந்தப் பக்கம் குதிகாலால தட்டினா வேகம். அந்தப் பக்கம் தட்டினா பழைய கியர். மேடு பள்ளத்துக்கு முன்னாடியே மாத்திக்கணும்." பட்டனைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். டக்கென்று போயிற்று. அதை யார் சுத்தம் செய்தது? நான் செய்யவில்லை. "ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க. ஆயுத பூஜைக்கு இது மேல சந்தனம் வெச்சுடாதீங்க. காஞ்சா இறுகிடும். இறக்கத்துல கியர் மாறாது. ஆளு விழுந்துடுவாங்க."

என் பக்கம் திரும்பாமல்தான் சொன்னார்.

நான் டம்ளரை வந்தவர் கையில் கொடுத்தேன். "மன்னிச்சுக்கங்க சார். வண்டி விக்கறதுக்கில்ல. காபி சாப்பிட்டுட்டுப் போங்க" என்றேன். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"மலையிலயே. டிக்கியில வெக்கும்போது பாத்தேன்."

"தெரிஞ்சுமா விக்கப் பாத்தீங்க? அன்னிக்கே வாயைத் திறக்கறதுக்கென்ன?"

"உங்களாலதான் விழுந்தேன்னு நீ சொல்லிடுவியோன்னு முதல்ல பயமா இருந்துச்சு" என்றார். "நீ சொல்லாமயே வித்துடப் போறேன்னு தெரிஞ்சப்புறம் அதைவிடப் பயமாயிடுச்சு."

குந்தினது குந்தினபடியே இருந்தார். துணியால் பட்டனைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அதில் துடைக்க ஒன்றுமில்லை. எனக்குக் கோபம் போகவில்லை. கண்ணில் தண்ணீரும் நிற்கவில்லை.

"விழுந்தது விழுந்ததுதான்" என்றேன்.

"அப்ப வித்துத்தானே ஆகணும்?"

"அது உங்க விழுகை. என்னுது இன்னும் பாக்கி இருக்கு."

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு என் சக்கரத்துக்கு முன்னால் வந்து நின்றவர், விரலைத் தோய்த்துவிட்டு அப்படியே நின்றார். நான் வரும்வரை வைக்கவில்லை.

"எங்க வெக்கட்டும்?" என்றார்.