அம்மா சைக்கிள் ஓட்டிய ஏரிக்கரை

என் அம்மாவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பது நாலு மாதம் வரைக்கும் மூன்றே பேருக்குத் தெரிந்த ரகசியமாக இருந்தது. ஒருவர் அம்மா. இன்னொருவர் எங்கள் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்த நர்ஸம்மா. மூன்றாவது ஆள் நான். அப்பாவிடம் அதைச் சொன்னதும் நான்தான்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. ஆலப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி, பெருமாள் ஏரிப் பக்கமாக நடந்தால் எங்கள் ஊர் வந்துவிடும். அப்பாவுக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அங்கேயே நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருந்தார். சனிக்கிழமை சாயங்கால ரயிலில் வருவார், திங்கட்கிழமை விடிவதற்குள் கிளம்பிவிடுவார். மற்ற நாட்களில் வீட்டில் அம்மாவும் நானும்தான். எனக்குப் பத்து வயது, அஞ்சாம் வகுப்பு.

நர்ஸம்மா தெற்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர். அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போய்ப் பிரசவம் பார்க்க அவருக்கு ஒரு லேடீஸ் சைக்கிள் கொடுத்திருந்தார்கள். வந்த புதிதில் ஊரே அதை வேடிக்கை பார்த்தது. பிறகு, அது சர்க்கார் வண்டி, சர்க்கார் வேலை என்று மனதைத் தேற்றிக்கொண்டது. அதே வண்டியில் உள்ளூர்ப் பெண் ஒருத்தி ஏறினால் ஊர் அத்தனை சுலபமாகத் தேறியிருக்காது. அது அம்மாவுக்கும் தெரியும். அதனால்தான் ஏரிக்கரை.

சனிக்கிழமைகளில் நர்ஸம்மாவுக்கு அரை நாள் வேலை. சாப்பிட்டு முடித்ததும் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்புவேன். யாராவது கேட்டால், டயருக்குக் காற்று அடிக்க எடுத்துப் போவதாகச் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து அம்மா, அடுப்பெரிக்கச் சவுக்குச் சருகு அரிக்கப் போகிறவளாகக் கூடையும் கையுமாக வருவாள். கடைசியாக, காற்று வாங்கப் போகிறவராக நர்ஸம்மா. மூன்று பேரும் தனித்தனியாகப் போய் சவுக்குத் தோப்புக்குள் ஒன்றுசேர்வோம். சர்க்கார் ரகசியத்தைக் கடத்துகிற மாதிரி வழியெல்லாம் நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவேன்.

தோப்பைத் தாண்டினால் கரை. மேலே சிவப்புச் சரளை கொட்டி இறுக்கியிருந்தார்கள். மாதத்துக்கு ஒருமுறை ஏரியைப் பார்வையிட ஒரு ஜீப் வரும். அதை விட்டால் எருமை மேய்க்கிறவர்கள்தான், அவர்களும் அக்கரையோடு போய்விடுவார்கள். ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். இன்னொரு பக்கம் கரை இறங்கினால் முந்திரிக்காடு. காட்டுக்குள் ஓடுகிற செம்மண் பாதை வளைந்து வளைந்து போய் மறுபடி கரையில் வந்து ஏறும்.

முதல் மாதம் அம்மா விழுந்துகொண்டே இருந்தாள். சரளையில் முழங்கை உரிந்தது. புடவை செயினில் மாட்டி எண்ணெய்க் கறையோடு கிழிந்தது. கிணற்றடியில் வழுக்கிவிட்டதாக அப்பாவிடம் சொன்னாள். அப்பா கிணற்றடிப் பாசியைச் சுரண்டச் சொல்லிவிட்டு செய்தித்தாளைப் பிரித்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மாசி பிறந்தபோது அம்மாவுக்கு வண்டி வசமாகிவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னைப் பின்னால் கேரியரில் உட்காரவைத்து மிதிப்பாள். சக்கரத்தடியில் சரளை நறநறவென்று அரைபடும். முந்திரி பூத்திருந்த நேரம். காட்டுக்குள் நுழைந்ததும் அந்த வாசனை முகத்தில் வந்து மோதும். எதிரே ஒரு ஈ காக்கை இல்லாத பாதையில் அம்மா மணியை அடித்துக்கொண்டே போவாள். கரையோரம் நிற்கிற நாரைகள் எழுந்து பறக்கும். வீட்டில் சிரிக்கும்போது அம்மா வாயைக் கையால் மூடிக்கொள்வாள். அங்கே இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்ததால் மூட முடியவில்லை. அவளுக்குக் கடைவாயில் ஒரு பல் இல்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு நர்ஸம்மா என்னைக் கேரியரிலிருந்து இறக்கிவிட்டார். என் இடத்தில் தன்னுடைய மருந்துப் பையை வைத்துக் கயிற்றால் கட்டினார். காட்டுப் பாதையில் இறங்கி, கால் ஊன்றாமல் ஒரு சுற்று வர வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவும் மறுபேச்சில்லாமல் போனாள். நான் ஒரு பூவரச மரத்தடியில் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஒரு பைக்காக என்னை இறக்கிவிட்டது எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை.

பங்குனியில் பழம் விழ ஆரம்பித்தது. அப்படி ஒரு சனிக்கிழமை, என் வகுப்புப் பெண்கள் மூன்று பேர் கொட்டை பொறுக்கக் காட்டுக்குள் வந்திருக்கிறார்கள். மருந்துப் பையோடு தனியாக வந்த அம்மாவைப் பார்த்திருக்கிறார்கள். அம்மா நின்று, அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

திங்கட்கிழமை நான் வகுப்புக்குள் நுழைந்ததும் பின்வரிசையிலிருந்து யாரோ வாயாலேயே மணி அடித்தார்கள். அடுத்த நாள் பாதி வகுப்பு அடித்தது. மத்தியானம் தண்ணீர்ப் பானையருகே ஒருத்தி என்னிடம், "உங்கம்மா ஆம்பள மாதிரி சைக்கிள் உடறாங்களாமே, மீசையும் வெச்சிக்குவாங்களா?" என்று கேட்டாள். வாரம் பூராவும் அப்படியே போனது. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை எனக்கு வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். நான் வராவிட்டால் அம்மாவும் போகமாட்டாள் என்று நம்பியிருந்தேன். அம்மா என் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவிவிட்டு, "ஒரு மணி நேரத்துல வந்துடறேன்டி, தூங்கு" என்று சொல்லிக் கூடையை எடுத்துக்கொண்டாள். நர்ஸம்மா தானே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். எண்ணெய் பிசுபிசுப்போடு நான் அழுதேன்.

அன்றைக்கென்று அப்பா முந்தின ரயிலில் வந்துவிட்டார். அம்மா எங்கே என்று கேட்டார். சருகு அரிக்கப் போயிருக்கிறாள் என்ற பொய் என் வாயில் தயாராகத்தான் இருந்தது. நாலு மாதமாகச் சொல்லிப் பழகிய பொய். ஆனால் நான் சொன்னது வேறு.

"ஏரிக்கரையில சைக்கிள் உடறாங்கப்பா. பள்ளிக்கூடத்துல எல்லாரும் கேலி பண்றாங்க. எனக்கு வெக்கமா இருக்குது."

அப்பா கத்துகிற மனிதர் இல்லை. கை நீட்டுகிறவரும் இல்லை. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, கால் கழுவிக்கொண்டு வந்து காத்திருந்தார். சருகுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா வந்தாள். முகமெல்லாம் செம்மண் புழுதி. அப்பாவைப் பார்த்ததும் கூடையை இறக்கினாள். அவர் சாதாரணமான குரலில்தான் பேசினார்.

"நான் ஒண்ணும் சொல்லல. பெத்த புள்ளைக்கே வெக்கமா இருக்குதாம். நீயே யோசிச்சிக்க."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் போர்வையை இழுத்துக்கொண்டேன். அவள் உள்ளே போய் அப்பாவுக்குக் காப்பி போட்டாள்.

மறுநாள் காலையில் கிணற்றடியில் அம்மாவும் நர்ஸம்மாவும் நின்றிருந்தார்கள். நர்ஸம்மா கையில் ஏதோ காகிதம் இருந்தது. அவர் தணிந்த குரலில் வெகுநேரம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா வாளிக் கயிற்றைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வேணாம்க்கா, வுட்டுடுங்க" என்றாள். சைக்கிளைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நான் நினைத்தேன்.

அது என்ன காகிதம் என்று தெரிய எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. சிதம்பரத்தில் நான் டீச்சராக இருந்தபோது, கீழ வீதியில் ஒரு துணிக்கடை வாசலில் நர்ஸம்மாவைப் பார்த்தேன். தலை நரைத்து, கண்ணாடி போட்டிருந்தார். முதலில் அம்மாவைப் பற்றித்தான் கேட்டார். அம்மா போன வருஷம் போய்விட்டாள் என்றேன். அந்தக் காகிதத்தைப் பற்றி அவராகவே சொன்னார். எட்டாவது பாஸ் செய்த பெண்களுக்குக் கடலூரில் பிரசவ நர்ஸ் படிப்பு. அம்மாவுக்காக அவரே விண்ணப்பம் எழுதிவைத்திருந்தார். கணவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நர்ஸ் என்றால் ஊர் ஊராகப் போக வேண்டும், சைக்கிள் தெரியாத உனக்கு எதற்கு அந்த வேலை என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார் என்று அம்மா பயந்திருக்கிறாள். அதனால் முதலில் சைக்கிள், பிறகு பேச்சு என்று முடிவு செய்திருக்கிறார்கள். சித்திரை பிறந்ததும் அம்மாவே அப்பாவிடம் சொல்வதாக இருந்தது. மஞ்சக்குப்பத்தில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு மூன்று பேரும் ஒன்றாக இருக்கலாம் என்பது அம்மாவின் எண்ணமாம்.

"உங்கப்பா கையெழுத்து போட்டிருப்பாரோ என்னவோ, யாரு கண்டா" என்றார் நர்ஸம்மா. "கேக்கவே இல்லியே."

அவரிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. அந்த வருஷம் வைகாசியில் அவருக்கு மாற்றல் வந்து, மூட்டை முடிச்சு கட்டிக்கொண்டிருந்த வாரம். அம்மா அவரிடம் சைக்கிளை ஒரு மத்தியானத்துக்குக் கேட்டு வாங்கினாள். எனக்குக் கற்றுத்தர. சின்னப் பெண்தானே என்று அப்பாவும் மறுப்புச் சொல்லவில்லை. அன்றைக்குக் கூடையும் இல்லை, பொய்யும் இல்லை. தெரு வழியாகவே கரைக்குப் போனோம். ஏரியில் தண்ணீர் வற்றி நடுவில் மட்டும் கிடந்தது. அம்மா சீட்டைப் பிடித்துக்கொண்டு, சுட்டுக் கிடந்த சரளையில் வெறுங்காலோடு என் பின்னால் ஓடிவந்தாள். "முன்னால பாருடி, கீழ பாக்காத" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு கட்டத்தில் அந்தக் குரல் நின்றுவிட்டது. நான் தனியாகப் போய்க்கொண்டிருந்தேன்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வெகுதூரம் போய், இறங்கி வண்டியைத் திருப்பி, ஒரு கல்லின் மேல் காலை வைத்து ஏறி அவளிடம் வந்து சேர்ந்தேன். சைக்கிளை அவள் பக்கம் நீட்டி, "இப்ப நீ ஒரு ரவுண்டு போம்மா, நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்றேன்.

அம்மா சீட்டில் ஒட்டியிருந்த புழுதியைக் கையால் தட்டினாள். தட்டிவிட்டு, வேண்டாம் என்று தலையசைத்தாள். அவளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஓடிவந்த களைப்பு என்று நினைத்து, நானே இன்னொரு ரவுண்டு போனேன்.